இரவு விழித்துக் கற்ற பாடம்

பிள்ளைகள் கல்லூரியிற் பயிலும் இல்லங்களில் ‘ஹாக்கத்தான்’ என்னும் சொல் இப்பொழுது அடிக்கடி செவியில் விழுகிறது. “இரவெல்லாம் கண் விழித்துக் கணினியைத் தட்டுவதால் என்ன பயன்?” என்று பெற்றோர் வினவுகின்றனர். மட்டாஞ்சேரித் தமிழ் இல்லங்களிலிருந்து அத்தகைய போட்டிகளுக்குச் சென்று வந்த மாணவர் நால்வராகிய நாங்கள் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

1999 ஜூன் மாதத்தில் கனடாவின் கால்கரி நகரில், ‘ஓப்பன் பிஎஸ்டி’ என்னும் இயங்குதளத்தை ஆக்குவோர் பதின்மர் கூடிப் பணி செய்தனர். அவ்வாண்டு முதலே இப்பெயர் வழங்கலாயிற்று. நம் நாட்டில் 2017 முதல் மத்திய அரசு ‘ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான்’ நடத்தி வருகிறது. அமைச்சகங்களும் நிறுவனங்களும் தம் இடர்ப்பாடுகளை முன்வைக்க, அறுவர் கொண்ட மாணவர் குழுக்கள் தீர்வு காண முயலும். குழுவில் ஒரு மாணவியேனும் இருத்தல் வேண்டும். மென்பொருட் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் நடைபெறும்.

நாங்கள் முதலிற் புகுந்தது 24 மணி நேரச் சிறு போட்டி. ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியிலுள்ள சலவைக்கூடத்தை யாவரும் அறிவர். டச்சுக்காரர் காலத்தில் வந்த தமிழரின் வழியினர் எனக் கூறப்படுவோர் அங்குத் தொழில் புரிகின்றனர். துணிகள் இடம் மாறாதிருக்க, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிக் கைப்பேசியால் அடையாளங் காணும் செயலியை இரவெல்லாம் எழுதினோம். நடுவர் ஒருவர், “அங்குள்ளோரைக் கேட்டீர்களா?” என்றார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

மறு ஞாயிறு நேரிற் சென்றோம். பெரியவர் ஒருவர் சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் இருந்த சிறு மைக்குறியைக் காட்டினார். முற்காலத்தில் அதனைச் சேங்கொட்டையால் இடுவர். “சீட்டு வெள்ளாவியிலே நிக்குமா தம்பி? இந்தக் குறி துணி கிழியற வரைக்கும் இருக்கும்” என்று நகைத்தார். விடுதிகள் வைக்கும் பாக்கிக் கணக்கே தம் தலைவலி என்றும் சொன்னார். அடுத்த போட்டியில், தமிழிற் சொன்னால் வரவு பாக்கியைக் குறித்துக் கொள்ளும் கணக்கேட்டை ஆக்கினோம். பரிசு கிட்டவில்லை. ஆயினும் பெரியவர் இரண்டு திங்கள் அதனைப் பயன்படுத்திக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். எங்களுக்கு அதுவே பெரும் பேறாயிற்று.

இத்தகைய பயிற்சி நெருக்கடியில் உதவும் என்பதற்கு 2018 ஆகஸ்டு வெள்ளமே சான்று. அப்பொழுது மாணவர்களும் இளம் பொறியாளர்களும் தன்னார்வலராகக் கைகோத்து ‘கேரளா ரெஸ்க்யூ’ தளத்தை உருவாக்கினர். வெள்ளத்திற் சிக்கியோரின் இடமும் தொலைபேசி எண்ணும் அதன் வழியே மீட்போரைச் சென்றடைந்தன. அங்குப் பரிசு இல்லை, நடுவரும் இல்லை. காக்க வேண்டிய உயிர்களே இருந்தன.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. புறப்படுமுன் இரண்டு வினாக்களை மட்டும் கேளுங்கள்: “யாருடைய துன்பத்தைத் தீர்க்கப் போகிறாய்? அவரிடம் பேசினாயா?” திரும்பி வந்ததும் ஒரு வாய்ச் சோறிட்டு உறங்க விடுங்கள். வென்றாயா என்ற கேள்வி மறுநாள் வரை பொறுத்திருக்கும்.