பிளாஸ்மா டேபிள் தண்ணியை எப்படி மாத்தணும்?

பிளாஸ்மா கட்டிங் மெஷினுக்கு அடியில தண்ணி எதுக்கு? வெட்டும்போது பறக்கிற தீப்பொறி, உருகின உலோகம், புகை இதையெல்லாம் பெருமளவு பிடிச்சு வைக்கிறது அதுதான். பிடிச்சதெல்லாம் அடியில சேறா தங்கும். நாளாக ஆக தண்ணியும் நாறும். அப்போ மாத்தியே ஆகணும்.

முதல்ல கணக்கு. 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 15 செ.மீ. ஆழம் என்றால் 675 லிட்டர். பக்கெட்டால அள்ளி முடியாது, பம்ப் வேணும்.

மெயின் பவரை ஆஃப் பண்ணுங்க. ஒரு ராத்திரி அசைக்காம விட்டா சேறு படியும். தெளிஞ்ச தண்ணியை மட்டும் பம்ப் பண்ணி டிரம்ல பிடிங்க. பிறகு ஸ்லாட்டுகளைக் கழற்றி, கையுறை போட்டு சேற்றை வாருங்க.

தண்ணியோ சேறோ, எதையும் சாக்கடையில ஊத்தாதீங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெட்டியிருந்தா அதுல குரோமியம், நிக்கல் இருக்கும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். அபாயக் கழிவாத்தான் ஒப்படைக்கணும்.

அலுமினியம் வெட்டுற டேபிளா? இன்னும் கவனம். அலுமினியத் துகள் தண்ணியோட வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும். அது தகடுக்கு அடியில சேர்ந்தா, அடுத்த ஆர்க்லயே வெடிக்கலாம். அதனால மூலையில ஒட்டின சேற்றைக்கூட விடாதீங்க. வாரின சேற்றை காத்துப் புகாத டிரம்ல அடைக்கவும் கூடாது.

வால்வை மூடி, மெஷின் மேனுவல் சொல்ற அளவுக்குத் தண்ணி நிரப்புங்க. துருத்தடுப்பான், பாக்டீரியா கொல்லி ரெண்டையும் லேபிள்ல உள்ள விகிதத்துல கலங்க. பிறகு மட்டம் குறைஞ்சா பெரும்பாலும் ஆவியாறது தண்ணி மட்டும்தான், மருந்து உள்ளேயே இருக்கும். அதனால வெறும் தண்ணி ஊத்தி, டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு தேவைன்னா மட்டும் மருந்து சேருங்க.