கூரை மாறிய வீட்டில் தீ

கீற்றுக் கூரையும் விறகடுப்பும் ஒருங்கே இருந்த காலத்தில், கோடைக் காற்று எழும்பும் மாதங்களில் ஒரு வீட்டில் கிளம்பிய பொறி ஒரு தெருவையே சாம்பலாக்கிவிடும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்த நம் பாட்டிமார், இரவில் படுக்கப்போகுமுன் அடுப்பில் எஞ்சிய கங்குகளின்மேல் தண்ணீர் தெளித்து, புறங்கையை அருகே நீட்டிப் பார்த்து, வெம்மை அடங்கியதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே சமையலறைக் கதவைச் சாத்தினார்கள். 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் தேதி, கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளைப் பலிகொண்ட பிறகு, பள்ளிகளில் அத்தகைய கூரைக்கு இடமில்லை என்றாயிற்று. வீடுகளிலும் ஓலை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. ஆனால் ஓலையோடு அபாயமும் ஒழிந்தது என்று எண்ணிப் பாட்டியின் அந்த ஜாக்கிரதையையும் சேர்த்துக் கைவிட்டதுதான் நாம் செய்த பெரும் பிழை. அன்று கண்ணெதிரே கனன்ற தீ, இன்று சிலிண்டருக்குள் வாயுவாகவும் சுவருக்குள் மின்சாரமாகவும் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறது. அது பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டுத்தான் வெளிப்படுகிறது. அந்த அடையாளங்கள் மிகச் சிறியவை என்பதால், அவற்றைப் பார்த்தும் பாராமலும் இருந்துவிடுகிறோம்.

முதலில் சமையல் வாயுவை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவும் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களை அழுத்தத்தால் திரவமாக்கி அடைத்தவை. அத்திரவத்தில் ஒரு லிட்டர் வெளியே கசிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். இயற்கையில் இவற்றுக்கு மணம் கிடையாது. கசிவை மூக்கு அறியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். இவ்வாயு காற்றைவிடக் கனமானதாகையால் மேலெழுந்து ஜன்னல் வழியே போய்விடாது. தரையோடு தரையாகப் பரவி, மேடைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேங்கி நிற்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்துவிட்டால், ஒரு சிறு பொறி அதைப் பற்றவைக்கப் போதும்.

இங்கேதான் நம் கை நம்மை ஏமாற்றுகிறது. அதிகாலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் வந்தால், விளக்கைப் போடுவதும் புகைபோக்கி மின்விசிறியை ஓடவிடுவதும் எவருக்கும் இயல்பாகத் தோன்றும் காரியங்கள். ஆனால் சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே ஒரு பொறி தோன்றி மறைகிறது என்பதை நினைவில் கொண்டால், அந்த க்ஷணத்தில் எந்தச் சுவிட்சின்மேலும் கை வைக்கத் துணியமாட்டோம். இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, வீட்டுக்கு வெளியே தள்ளி நின்று, இதற்கென்றே உள்ள 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சமையலறைப் பொறுப்பை வீட்டுப் பெண் ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக்கூட அறியாமல் இருக்கும் ஆண்கள் நம்மில் ஏராளம். இதை நான் வெட்கத்துக்குரிய விஷயமாகவே கருதுகிறேன்.

சிலிண்டர் வந்து இறங்கும்போது இரண்டு நிமிஷம் அதன் அருகில் குனிந்து பாருங்கள். கழுத்தைச் சுற்றியுள்ள தகடு ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் மாத முடிவு. பி-27 என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அச்சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். கெடு கடந்ததை வாங்க மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நூல் கட்டிய மூடியைக் கழற்றினால் வால்வின் வாய்க்குள் கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அது இல்லாவிட்டாலும் வெடித்திருந்தாலும் கசிவு நிச்சயம். மாட்டி முடித்த பிறகு இணைப்பின்மேல் சோப்பு நுரையைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழிகள் புறப்படும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. கம்பிவலை வைத்த ஆரஞ்சு நிறக் குழாய்க்கும் ஐந்து ஆண்டுதான் ஆயுள். அத்தேதி குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாகாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் 1,600 மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைத்துவிடும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடி ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காமல் இருந்தால் போதும்.

மின்சாரத்தின் அடையாளங்கள் வேறு விதமானவை. பிளக்கைப் பிடுங்கும்போது அதன் காலில் வெம்மை தெரிவதும், துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் படர்வதும், மீன் அழுகியது போன்ற நாற்றம் சுவிட்ச் பலகையிலிருந்து வருவதும், உள்ளே இணைப்பு தளர்ந்து பிளாஸ்டிக் வேகத் தொடங்கிவிட்டதைச் சொல்கின்றன. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதை 6 ஆம்பியருக்கென்று செய்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஓட்டம் ஒன்றரை மடங்காகிறது, கம்பியில் பிறக்கும் சூடோ ஓட்டத்தின் வர்க்கத்தைத் தொடர்வதால் இரண்டேகால் மடங்காகிறது. ஃபியூஸ் போனால் அளவான கம்பியைப் போடாமல் தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைப்பது, அபாயத்தைத் தடுக்கும் ஒரே காவலையும் அகற்றிவிடுவதாகும். ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும் எம்.சி.பி. அதிகப்படியான ஓட்டத்தைத் துண்டிக்கும். மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கூடவே இருப்பது அவசியம்.

2022 மார்ச் மாதத்தில் வேலூரில், இரவு மின்னேற்றத்தில் விட்டிருந்த மின்சார இருசக்கர வாகனம் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் மாண்டனர். எல்லோரும் உறங்கும் நேரத்தில், வெளியேறும் வாசலை ஒட்டி அவ்வாகனத்தை மின்னேற்றக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் தேவையில்லை. திரைச்சீலை ஆடும் இடத்தில் பூஜை விளக்கும், கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருளும் வைப்பதும் அப்படியே விலக்க வேண்டியது.

வீட்டுத் தீயில் பெரும்பாலும் சுவாலையைவிடப் புகையே முன்னதாக உயிரைக் கவர்கிறது. சூடான புகை மேலே தங்குவதால், குனிந்தோ தவழ்ந்தோ தரையோரக் காற்றைச் சுவாசித்தபடி வெளியேற வேண்டும். ஆனால் வெளியேற வழி இருக்க வேண்டுமே! திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கும் பால்கனிக்கும் இரும்புக் கிரில் அடித்து, வாசல் கிரில்லுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை எங்கோ கைப்பையில் போட்டுவிடும் வழக்கம் நம் நகரங்களில் பரவியிருக்கிறது. பூட்டுங்கள், ஆனால் சாவி, குழந்தைக்கும் தெரிந்த ஓர் ஆணியில், வாசலருகிலேயே தொங்கட்டும். வெளியே வந்தபின் 101 ஐ அழைத்துவிட்டு, நகைக்காகவோ பத்திரத்துக்காகவோ எவரும் மீண்டும் உள்ளே நுழையாதிருக்கட்டும்.

உடையில் தீப்பற்றியவர் ஓடக்கூடாது. தரையில் உருள வேண்டும், அருகில் இருப்பவர் ஜமக்காளத்தையோ கம்பளியையோ போர்த்தி அழுத்த வேண்டும். வெந்த இடத்தில் இங்க், பற்பசை, தோசை மாவு எதையும் பூசாமல், குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் மெல்ல ஓடவிட்டு, வீக்கம் எழுமுன் வளையல், மோதிரங்களைக் கழற்றி, தோலோடு ஒட்டிய துணியை இழுக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.