உங்களுக்குத் தெரியுமா? கூரில் பார்த்த படங்கள்

கலண்டா மலையில் பனி இறங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் யாரும் வெளிக்கிடுவதில்லை. இந்தக் குளிர்காலத்தில் அந்த நாட்களைப் படங்களுக்கென்று ஒதுக்கினோம். “எங்கட ஊர் வாற படம் ஒண்டும் இல்லையா?” என்று மகள் கேட்டதால், பாதிப் படங்களாவது நாங்கள் இருக்கும் கூர் நகரத்தோடோ, சுவிசின் கிரவுபுண்டன் மாநிலத்தோடோ சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். தேடப் போனால் இவ்வளவு இருக்கிறதா என்று வியந்துபோனேன். படம் பார்க்கும்போது தெரிந்துகொண்டதையும் மனதில் பட்டதையும் இங்கே கலந்து தருகிறேன்.

● ‘ஏலியன்’ கூர்க்காரர் படைத்த ஜந்து. 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த அந்தப் படத்தின் ஜந்துவை உருவாக்கிய ஓவியர் எச். ஆர். கீகர், 1940 பெப்ரவரி 5-ம் திகதி இங்கேதான் பிறந்தார். தகப்பனார் மருந்துக்கடை வைத்திருந்தவர். மருந்து நிறுவனம் ஒன்று அவருக்கு அனுப்பிய மனித மண்டையோடு சிறுவனின் கைக்கு வந்தது. அதைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனதாகக் கீகரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஊர் அருங்காட்சியகத்தில் இருந்த எகிப்திய மம்மி அவரைப் பயமுறுத்தியது. ஆனாலும் அதைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்.

படத்தை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். முதல் முக்கால் மணி நேரம் விண்கலத்துக்குள் ஆட்கள் சாப்பிடுகிறார்கள், காசுக்கணக்குப் பேசிச் சண்டை பிடிக்கிறார்கள், இருட்டான நடைபாதைகளில் நடக்கிறார்கள். அந்த மெதுநடைதான் படத்தின் உயிர் என்பேன். ஜந்துவை அரைகுறையாகவே காட்டுகிறார்கள். ஒரு கணம் வால், ஒரு கணம் வாயில் வழியும் எச்சில். உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞர். உயரம் ஏறக்குறைய 2.08 மீட்டர். அந்த நீளத் தலையின் முன்பக்கத்தில் உண்மையான மனித மண்டையோடு ஒன்றைக் கீகர் பதித்தார் என்று அறிந்தபோது, கயிற்றில் கட்டி இழுத்த அந்தச் சிறுவன்தான் என் கண்முன் வந்தான். 1980-ல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது அவருக்கும் உடன் உழைத்த நால்வருக்கும் கிடைத்தது.

1992-ல் இங்கே கீகர் பார் திறக்கப்பட்டது. முள்ளந்தண்டை நிமிர்த்தி வைத்ததுபோல உயரமான முதுகுள்ள கறுப்பு நாற்காலிகள். ‘டியூன்’ நாவலைப் படமாக்கும் முயற்சி ஒன்றுக்காக அவர் வரைந்த வடிவம் அது. அந்த முயற்சி கைகூடவில்லை. நாற்காலி மட்டும் மிஞ்சியது. எடுக்கப்படாத படத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்க முடிகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

● சுவிசிலும் இடைவேளை உண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலும் படத்தை நடுவில் நிறுத்த மாட்டார்கள். சுவிசின் ஜெர்மன் பேசும் பகுதியில் பல திரையரங்குகள் இன்னும் நிறுத்துகின்றன. வெளிச்சம் போடுவார்கள், கால் மணி நேரம் சனம் பொப்கோர்னுக்கு வரிசையில் நிற்கும். ஹாலிவுட் படங்களுக்கு இது கொடுமை. இடைவேளையை நினைத்து எழுதப்படாத கதை என்பதால், ஒருவர் பேசத் தொடங்கிய வாக்கியம் முடியுமுன்பே திரை இருண்டுவிடும். தமிழ்ப் படத்தில் அந்த இடத்துக்கென்றே ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். அது வந்து விழுகிறபோது இங்கே பிறந்த பிள்ளைகளும் விசிலடிக்கிறார்கள்.

திரையரங்கில் ‘மெய்யழகன்’ பார்த்தபோது, நடுவில் நிறுத்துவதைவிட வெட்டுவதுதான் கொடுமை என்று யோசித்தேன். 2024 செப்டம்பரில் வெளிவந்து, சில நாட்களிலேயே 18 நிமிடங்கள் வெட்டப்பட்ட படம். வெட்டியிருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரவிந்த்சாமியும் கார்த்தியும் விடிய விடியக் கதைத்துக்கொண்டிருப்பதுதான் படம். கதைப்பதை வெட்டினால் அங்கே வேறு என்ன இருக்கிறது? சொந்த வீட்டை விட்டுப் போனவன் இருபது வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிறான். இங்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு வீடு கிடையாது. கதை நடக்கும் நீடாமங்கலத்து வாசலில் சைக்கிளைக் கண்டதும் எனக்குப் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது.

● ஒரே திரையில் இரண்டு மொழி வசனவரிகள். இங்கே படத்தின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்துகள் போட்டிருப்பார்கள்: பேசும் மொழி, அதன்பின் வசனவரி ஓடும் இரண்டு மொழிகள். மேல்வரி ஜெர்மன், கீழ்வரி பிரெஞ்சு. மகள் மேல்வரியை வாசிக்கிறாள், நான் ஆங்கிலத்தைக் காதால் பிடிக்கிறேன், அப்பா முகங்களைப் பார்க்கிறார். கடைசியில் படத்தை எங்களைவிடச் சரியாகப் புரிந்துகொள்பவர் அவர்தான்.

● ஹைடி கலிபோர்னியாவிலும் வளர்ந்தாள். யோஹன்னா ஸ்பீரி 1880-ல் எழுதிய கதை நடக்கும் மலை, கூரிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய மையன்பெல்டுக்கு மேலே இருக்கிறது. ஆனால் 1937-ல் ஷெர்லி டெம்பிள் நடித்த ஹாலிவுட் படத்துக்குக் கலிபோர்னியாவின் ஏரோஹெட் ஏரிக்கரைதான் ஆல்ப்ஸ். சுவிஸ்காரர்கள் 1952-ல் தாங்களே ஒன்று எடுத்தார்கள். 1955-ல் வந்த இரண்டாம் பாகம் ‘ஹைடியும் பீட்டரும்’, சுவிசின் முதல் வண்ணக் கதைப்படம். யப்பானியர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். இசாவோ தகஹாதாவும் ஹயாவோ மியாசாகியும் 1973-ல் நேரிலே வந்து குடிசைகளையும் புல்வெளிகளையும் பார்த்து வரைந்துகொண்டு போய், அடுத்த வருடம் 52 பகுதிகளாக ஒரு கார்ட்டூன் தொடர் செய்தார்கள். உலகத்தில் பாதிப் பிள்ளைகளின் மனதில் இருக்கும் ஹைடி அந்தக் கன்னம் சிவந்த கார்ட்டூன் ஹைடிதான்.

நாங்கள் பார்த்தது 2015-ல் அலைன் க்ஸ்போனர் எடுத்தது. ஹைடியாக நடித்த அனுக் ஸ்டெஃபன் கூர்ப் பிள்ளை. தாத்தாவாக புரூனோ கான்ஸ். மனிதர் அதிகம் பேசவே மாட்டார்; பிள்ளை பின்னால் ஓடி வருவதைக் கேட்டும் கேளாததுபோல நடப்பார், ஆனால் நடை கொஞ்சம் குறைந்துவிடும். அந்த ஒரு நடைக்காகவே படத்தை இரண்டு தரம் பார்க்கலாம். பிராங்பேர்ட் நகரப் பகுதி எனக்குக் கொஞ்சம் இழுவையாகத்தான் பட்டது. அம்மாவுக்கோ அதுதான் பிடித்தது. மலையில் இருக்கும் பல்லில்லாத கிழவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, வெள்ளைப் பாணைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து எடுத்து அலமாரிக்குள் ஒளித்து வைக்கிறாள் ஹைடி. அதைக் கண்டுபிடித்துக் குப்பையில் போடுகிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் எங்கள் கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேசைத் திறந்து காட்டினார்: சவர்க்காரம், சொக்கிலேட், தைலம், பிள்ளைகளின் சிறுத்துப்போன குளிர்ச்சட்டைகள். ஊருக்கு யாராவது போகும்போது கொடுத்துவிட வருடக்கணக்காகச் சேர்த்தது. சிறுத்துப்போன குளிர்ச்சட்டையை யாழ்ப்பாணத்தில் யார் போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

● மணியடித்துக் குளிரைத் துரத்தும் நாள் மார்ச் 1. எங்கடின் பள்ளத்தாக்கில் அன்று பிள்ளைகள் மாட்டுமணி கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். பெரிய மணி கிடைக்காத ஒரு சிறுவனின் கதையை 1945-ல் செலினா ஷோன்ட்ஸ் எழுத, அலோய்ஸ் கரிஜியே படம் வரைந்தார். இங்குள்ள நூலகத்தில் அதைப் புரட்டாத பிள்ளை இராது. 2015-ல் சேவியர் கோலர் அதைப் படமாக்கினார். மலையும் பனியும் அழகுதான். ஆனால் வில்லத்தனமான கடைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை. பிள்ளைக்குச் சின்ன மணி கிடைத்த அவமானம் போதாதா ஒரு கதைக்கு?

அந்தச் சிறுவனின் தாய்மொழி ரொமான்ஷ். சுவிசின் நான்கு தேசிய மொழிகளில் மிகச் சிறியது. 1938-ல்தான் மக்கள் வாக்களித்து அந்தத் தகுதியைக் கொடுத்தார்கள். அந்த மொழியின் வானொலி, தொலைக்காட்சி நிலையம் கூரில்தான் இருக்கிறது. அது இருப்பதால்தான் 2018-ல் கிறிஸ்டோஃப் ஷௌப் ‘அமூர் சென்சா ஃபின்’ என்ற முழுநீளத் தொலைக்காட்சிப் படத்தை ரொமான்ஷிலேயே எடுக்க முடிந்தது. கொஞ்சப் பேர் பேசும் மொழியிலும் ஒரு காதல் கதை வேண்டும். அதை எடுக்கிறவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

● பேராலயத்தில் ஒரு கதாநாயகன். யூர்க் யெனாட்ச் என்ற போர்த்தலைவர் 1639 ஜனவரியில், முகமூடிக் கொண்டாட்டக் காலத்தில், கூரில் கொல்லப்பட்டார். பேராலயத்தில் இருந்த அவர் கல்லறையை 1959-ல் திறந்தார்கள். பிளிம்ஸ் ஊர்க்காரரான டானியல் ஷ்மிட் 1987-ல் எடுத்த ‘யெனாட்ச்’ படத்தில், இதை ஆராய வரும் பத்திரிகையாளருக்கு நூற்றாண்டுகள் குழம்பிப்போகின்றன. அரைத்தூக்கத்தில் காணும் கனவுபோல இருக்கும். மகள் பாதியிலேயே உறங்கிவிட்டாள். நான் அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் பேராலய மேட்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டுப் போனேன்.

● உங்கள் மாதச் சந்தாவில் சுவிஸ் படத்துக்கும் பங்கு. இணையவழிப் படநிறுவனங்கள் இங்கே ஈட்டும் வருமானத்தில் 4 விழுக்காட்டை உள்நாட்டுப் படத்துறையில் இடவேண்டும் என்ற சட்டத்துக்கு, 2022 மே 15-ம் திகதி 58.4 விழுக்காடு வாக்காளர்கள் ஆம் என்றார்கள். 2024 தொடக்கத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல வேலை.

● பாம்பாக ஊரும் மேகம். மலோயா கணவாயில் சில காலைகளில் மேகம் பள்ளத்தாக்கு வழியே நெளிந்து வரும். ஒலிவியே அசாயாஸ் 2014-ல் எடுத்த ‘சில்ஸ் மரியாவின் மேகங்கள்’ படத்தில் அதைக் காணலாம். இந்தப் படத்துக்காகத்தான் கிரிஸ்டன் ஸ்டுவர்ட் பிரான்சின் செசார் விருது பெற்றார். அமெரிக்க நடிகை ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. மேகம் எனக்குப் பிடித்தது. அப்பாவுக்குப் பிடித்தது டாவோசின் ஷட்சால்ப் ஹோட்டலில் எடுத்த பாவ்லோ சொரென்டினோவின் ‘யூத்’, அதுவும் வேறு காரணத்துக்காக. மலை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் 22 வருடம் சட்டி பானை கழுவியவர் அவர். விருந்தினர் மண்டபம் வரும் ஒவ்வொரு காட்சியிலும், பரிமாறுகிறவர் எந்தக் கதவால் வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். “உதுக்குப் பின்னால தான் கழுவிற இடம் இருக்கும்” என்றார். படம் அந்தக் கதவைத் தாண்டவில்லை. 80-களிலிருந்து இந்த மாநிலத்து ஹோட்டல்களின் பின்கதவுகளுக்கு அப்பால் தமிழர்கள் நின்றிருக்கிறார்கள். நான் பார்த்த எந்த மலைப்படமும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. யாராவது எடுக்க வேண்டும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் ஒருவர் எடுத்தால் இன்னும் நல்லது.

● ஓடி வந்தவர்கள் கதை இரண்டு. 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் பேமிலி’யை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வாழப் பார்க்கும் குடும்பம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். சசிகுமாரின் யாழ்ப்பாணத் தமிழ் சில இடங்களில் இடறுகிறது. அதைப் பெரிதுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. தெருச்சனம் முழுக்க இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்களா என்று மகள் கேட்டாள். “சிலர் இருந்தவை” என்றார் அம்மா.

மற்றது, மணிச் சிறுவன் படத்தை எடுத்த அதே சேவியர் கோலர் 1990-ல் தந்த ‘நம்பிக்கைப் பயணம்’. 1991-ல் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. 1988-ல் உண்மையில் நடந்ததிலிருந்து பிறந்த கதை. துருக்கியின் ஒரு கிராமத்துத் தகப்பன், நிலத்தையும் ஆடுமாட்டையும் விற்று, ஏழு பிள்ளைகளில் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு மனைவியோடு சுவிசுக்குப் புறப்படுகிறான். கப்பல், இத்தாலி, ஆள்கடத்துகிறவர்கள், கடைசியில் ஸ்ப்ளூகன் கணவாய். 2,100 மீட்டருக்கு மேலே, எங்கள் மாநிலத்தின் எல்லையில். பனிப்புயலில் அந்தப் பையன் தகப்பனின் கைகளிலேயே குளிர்ந்துபோகிறான்.

பின்னணி இசையைக் கூட்டி அழ வைக்கிற படம் இல்லை இது. காற்றுச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான் அதிகம். இந்த வருடம் பார்த்ததில் மிகச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். தமிழ் வசனவரிகளோடு இதை ஒருமுறையாவது நம் சங்கங்கள் திரையிட வேண்டும்.

அப்பா 1985-ல் இந்த நாட்டுக்கு வந்தவர். எந்த எல்லையை எப்படித் தாண்டினார் என்று எங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. பனி தொடங்கிய காட்சியில் எழும்பிப் போய் ஜன்னலருகில் நின்றார். படம் முடியும்வரை திரும்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே சொன்னார்: “அந்தப் பொடியனுக்குப் போட்டிருந்த உடுப்புக் காணாது. மலையில ஏறத் தொடங்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது.”