முங்கினால் காது வலிப்பது ஏன்?

கோடை விடுமுறையில் கிணற்றில் குதித்துக் குளித்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அடியில் கிடக்கும் காசை எடுக்க முங்குகிறோம். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் காதுக்குள் ஊசியால் குத்தியதுபோல் 'சுருக்'கென்று வலிக்கிறது. கையோ காலோ வலிக்கவில்லை. காது மட்டும் ஏன் வலிக்க வேண்டும்?

நம் உடலின் பெரும்பகுதி நீரால் ஆனது. நீர் எளிதில் சுருங்காது. காற்று அப்படியல்ல, அழுத்தினால் சுருங்கிவிடும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியிலும், நெற்றியிலும் கன்னத்திலும் எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைகளிலும் காற்றுதான் நிறைந்திருக்கிறது. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பின் மீதும் வளிமண்டலம் ஏறத்தாழ 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் இது இரு மடங்காகும். பாயில் விதி உங்களுக்குத் தெரியும் அல்லவா? மேலே 1 லிட்டர் பருமன் உள்ள பலூன் 10 மீட்டரில் அரை லிட்டராகும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும். 30 மீட்டரில் கால் லிட்டராகும். முதல் பத்து மீட்டரில் 500 மி.லி. குறைகிறது. மூன்றாவது பத்து மீட்டரிலோ சுமார் 83 மி.லி. மட்டுமே குறைகிறது! ஆழம் கூடக்கூடத்தான் ஆபத்து என்று எண்ணுகிறோம். காதைப் பொறுத்தவரை மேல்நீரில்தான் அதிகக் கவனம் தேவை. கிணறும் அதற்குப் போதும்.

செவிப்பறை சுமார் 0.1 மி.மீ. தடிமனே உள்ள சவ்வு. அதன் பரப்பை 0.6 சதுர செ.மீ. என்று கொண்டால், 3 மீட்டர் ஆழத்தில் அதன்மேல் 180 கிராம் எடைக்குச் சமமான விசை கூடுதலாக விழும். உள்ளிருந்து அதே அளவு எதிர்விசை இல்லாவிட்டால் பறை உட்பக்கமாகக் குழியும்.

எதிர்விசைக்கு இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. தொண்டையின் மேற்பகுதியையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல்தான் அது. சாதாரணமாக மூடியிருக்கும் இக்குழல், எச்சில் விழுங்கும்போது ஒரு கணம் திறந்து காற்றை உள்ளே விடும். ஆனால் வேகமாக இறங்கி, அழுத்த வேறுபாடு ஒரு மீட்டர் நீரைத் தாண்டிப் போய்விட்டால், குழலின் வாய் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை விழுங்கினாலும் திறப்பது கடினம். நடுச்செவியில் நீரும் இரத்தமும் கசியும். மேலும் இறங்கினால் பறை கிழியும். அப்போது குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து, உட்செவியின் சமநிலை உறுப்பை ஒரு பக்கம் மட்டும் குளிர்விக்கும். தலை சுற்றும், மேல் எது, கீழ் எது என்று தெரியாது. உயிருக்கு ஆபத்தான கணம் இதுவே.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களை நினைத்துப் பாருங்கள். கனமான கல்லைக் காலில் பிணைத்துக்கொண்டு, 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இருந்த முத்துப் பார்களுக்கு விரைவாக இறங்கினார்கள். தமிழர் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டனர். அரபு நாட்டார் கொம்பினாலான கிடுக்கியை மாட்டிக்கொண்டனர். மேலே வந்தவர்களின் காதிலும் மூக்கிலும் அடிக்கடி இரத்தம் வந்ததாக, 1803-ல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் குறிப்பிடுகிறார். சுறாவை விலக்க மந்திரம் ஓத 'கடல்கட்டி' என்பவரை அமர்த்தினார்கள். காதைக் காக்க ஒருவரும் இல்லை! தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று.

மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக ஊதினால் காற்று யூஸ்டேஷியன் குழல் வழியே நடுச்செவிக்குப் போகும். இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் (1666–1723) பெயரால் இது வழங்குகிறது. இன்று புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா பழகுகிறவர்களும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். வலி வருமுன்பே, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போதே செய்ய வேண்டும். வலித்தால் சற்று மேலே வரவேண்டும். பலம்கொண்ட மட்டும் ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழியக்கூடும்.

காதில் அடைப்பான் வைத்துக்கொண்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவே இன்னொரு காற்றறை சிறைப்படும், அவ்வளவுதான்! தொல்லை இரட்டிப்பாகும்.

சளி பிடித்திருந்தால் குழலும் சைனஸ் துவாரங்களும் வீங்கி அடைத்துக்கொள்ளும். சிறுவனாக இருந்தபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று. மூக்கு ஒழுக ஒழுகக் கிணற்றில் முங்கி, காதில் இரத்தத்தோடு வீடு திரும்பினேன். வலி தணியட்டும் என்று பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்ற வந்தார். அப்பா தடுத்து மருத்துவரிடம் அழைத்துப் போனார். பறையில் துளை இருந்தது. எண்ணெயோ நீரோ படாமல் பஞ்சு வைத்துக் காத்ததில், சில வாரங்களில் அது தானாகவே மூடிக்கொண்டது. அந்தக் கோடை முழுதும் நான் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.