புதைகுழி ஓரத்தில் நிற்கும் நீதவான்

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிரிவாயுத் தொட்டி கட்ட நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த சில மாதங்களில் 150 பேருக்கும் அதிகமானோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இவை 1986–1990 காலத்தவை என்றார் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. 1950க்கு முந்தியவை என்றது அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் பரிசோதனை. நாடே எலும்புகளின் வயதைப் பற்றி வாதிட்டது. அவற்றை நாள்தோறும் குனிந்து பார்த்தவர்கள் பேச்சிலேயே வரவில்லை. இலங்கையில் இத்தகைய அகழ்வு நீதவானின் உத்தரவின்படி, அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். காணாமல் போனோர் குடும்பங்களின் சட்டத்தரணிகளும் குழியருகே நிற்பார்கள். அங்கே அவர்களை நிறுத்துவது சட்டம். அதனால் மனதுக்கு நேரும் சேதத்தைத் தனிமனிதரின் பலவீனம் என்று ஒதுக்க முடியாது. அது தொழிலில் பட்ட காயம், அதற்குப் பொறுப்பு நிறுவனத்தினுடையது.

அந்தக் குழியருகே இருந்த சுமை எலும்புகளால் மட்டும் வந்ததல்ல. அகழ்வு நடந்த அதே காலத்தில், 2013 ஜனவரியில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மக்கள் விடுதலை முன்னணியின் (ஜேவிபி) கிளர்ச்சி நசுக்கப்பட்ட 1989இல் மாத்தளையின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ, அகழ்வு நடந்தபோது பாதுகாப்புச் செயலாளர். தலைமை நீதிபதிக்கே நாற்காலி நிலைக்காத நாட்டில் மாவட்டத்து நீதவான் எந்த மனநிலையில் கோப்பைத் திறப்பார்? பத்து ஆண்டு கழித்து முல்லைத்தீவில் ஒரு பதில் கிடைத்தது. குருந்தூர்மலை விகாரைக் கட்டுமான வழக்கில் கட்டளைகள் பிறப்பித்து, பாராளுமன்றத்திலேயே விமர்சிக்கப்பட்ட நீதிபதி ரி. சரவணராஜா, 2023 செப்டெம்பரில் உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். அச்சுறுத்தல் உண்மையா என்று நெடுநாள் அலசினோம். பதவி விலகல் கடிதத்தின் மற்றக் காரணமான மன அழுத்தத்தை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதை மிகை என்பவர்களுக்கு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 105 நீதிபதிகளிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில் 63 சதவீதத்தினர், பிறர் துயரத்தைக் கேட்டுக்கேட்டுத் தமக்கும் தூக்கமின்மை போன்ற அறிகுறி ஒன்றாவது வந்ததாகக் கூறினர். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், உளநலப் பணியாளர்களையும் சமூக சேவையாளர்களையும் விடச் சட்டத்தரணிகளே இந்த இரண்டாங்கை அதிர்ச்சியால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மற்ற இரு தரப்பாருக்கும் இதைக் கையாளப் பயிற்சி உண்டு. சட்டக் கல்லூரியில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத்தான் கற்றுத் தருகிறார்கள். அவுஸ்திரேலியாவில் இது வழக்காகவே வந்தது. பாலியல் குற்றப் பிரிவில் பணியாற்றி உளக்காயமடைந்த அரச சட்டத்தரணி ஒருவருக்கு 4,35,000 டொலர் இழப்பீடு வழங்கிய தீர்ப்பை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022இல் மீண்டும் நிலைநிறுத்தியது. அத்தகைய வேலையில் ஆபத்து இருப்பது வேலை கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மாத்தளைக் குழிக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாசலில் நிற்கும்போது கறுப்புக் கோட்டுக்காரருக்கு என்ன துன்பம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தாயின் வழக்கு பல ஆண்டுகள் இழுபடும்போது, அதன் முழுக் கதையையும் தலையில் வைத்திருப்பவர்கள் ஓரிரு சட்டத்தரணிகளே. அவர்கள் களைத்து விலகினால் முதலில் நட்டப்படுவது அவள்தான். உளவள ஆலோசனை பெறும் நீதிபதியின் தீர்ப்பை யார் நம்புவார் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அந்தப் பயத்தால்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் உறக்கமின்றி ஆசனத்தில் அமர்ந்து பிணை மனுவைத் தீர்ப்பவரைப் பற்றி நமக்கு ஏன் சந்தேகமே வருவதில்லை?

இன்னொருவரும் கணக்கில் வருவதில்லை. மாத்தளை நீதிமன்றங்களில் நடவடிக்கை சிங்களத்தில். ரத்தோட்டை, எல்கடுவ தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண் சாட்சி சொன்னால் மொழிபெயர்ப்பாளர் அதை ‘நான்’ என்றே சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவளுக்கு நேர்ந்ததைத் தனக்கு நேர்ந்ததாகவே நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அவர். தேசிய உளநல உதவி இலக்கம் 1926 அவருக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் விழுந்தபின் தூக்கிவிடும் கை அது. விழாமல் காப்பது பணி ஒழுங்கின் வேலை.

இதற்கெல்லாம் நாட்டில் காசில்லை என்பது கடைசி மறுப்பு. புதைகுழி வழக்கை மேற்பார்வை செய்பவருக்கு அந்த நாட்களில் அன்றாட வழக்குப் பட்டியலிலிருந்து விலக்குத் தரலாம். அகழ்வு முடிந்ததும் ஒருமுறை உளநல மருத்துவரைச் சந்திப்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம். எல்லோரும் போவதால் எவர் மீதும் முத்திரை விழாது. மொழிபெயர்ப்பாளர்களைச் சுழற்சியில் அமர்த்தலாம். இவற்றுக்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ வேண்டாம். கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்றும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில் இருக்கின்றன. நீதிபதிகளைப் பொறுத்தவரை ஒரு சுற்றறிக்கை போதும். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோதும் குழியருகே நின்றவர் ஒரு நீதவான்தான்.