பட்டாசு ஆலை வெடிவிபத்து: முதலில் வந்து சேரும் காவலருக்கான முதலுதவிப் பயிற்சி

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டு நடுவே அமைந்துள்ளன. அங்கு வெடிவிபத்து நிகழும்போது தீயணைப்பு வண்டிக்கும் 108 ஆம்புலன்சுக்கும் முன்பாகவே ரோந்துக் காவலர் வந்து சேர்வது உண்டு. அவர் மருத்துவர் அல்லர். ஆயினும் அடுத்த இருபது நிமிடங்களில் அவர் செய்வதும் செய்யாமல் விடுவதும் காயமுற்றோரின் உயிரைத் தீர்மானிக்கக்கூடும். ஆகவே, இவ்வட்டாரக் காவலர்களுக்கான முதலுதவிப் பயிற்சி சாலை விபத்தோடு நின்றுவிடலாகாது.

உள்ளே ஓடாதிருத்தல்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பற்றியது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு, உதவுவதற்காகவும் பார்ப்பதற்காகவும் ஓடிவந்த சுற்றுப்புற மக்கள். முதலில் பற்றிய தீயைத் தொடர்ந்து பெரும் வெடிப்பு நிகழ்ந்தபோது அவர்கள் ஆலைக்கு மிக அருகில் இருந்தனர்.

இதனால், பயிற்சியின் முதற்பாடம் கட்டுப்போடுவது அன்று, கூட்டத்தைத் தடுப்பது. ஓர் அறையின் தீ மற்றோர் அறைக்குப் பரவாதிருக்கவே ஆலைகளில் அறைகள் இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. ஆனால் தெறித்துப் பறக்கும் தீத்துகள்கள் அந்த இடைவெளியைக் கடந்துவிடும். காயவைத்த மணிமருந்தும் அடுக்கிவைத்த சரக்கும் சில நிமிடம் கழித்தும் வெடிக்கலாம். எரியும் அலுமினியத் தூள் மீது நீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு உண்டாகித் தீ பெருகும். உள்ளே செல்வதைத் தீயணைப்புத் துறையினரிடம் விட்டுவிட்டு, வெளியே வந்தவர்களைத் தொலைவுக்கு அழைத்துச் சென்று கவனிப்பதே காவலரின் பணி. உறவினரின் கதறலுக்கு நடுவே இதைச் செய்வது எளிதன்று. அதனாலேயே ஒத்திகை தேவைப்படுகிறது.

தீக்காயத்துக்குத் தண்ணீர்

உடலில் ஒட்டியுள்ள உலர்ந்த மருந்துத் தூளை முதலில் துணியால் தட்டிவிட வேண்டும். பின்னர் வெந்த இடத்தின் மீது சாதாரணக் குளிர்ந்த நீர் 20 நிமிடம் தொடர்ந்து வழிய வேண்டும். அருகிலுள்ள பம்ப்செட், தண்ணீர் லாரி, குடம் எதுவும் போதும். காயம் ஏற்பட்டு மூன்று மணி நேரம் வரை இதனால் பயன் உண்டு. பனிக்கட்டி, பற்பசை, மை, முட்டை வெண்கரு ஆகியவற்றைத் தடவக் கூடாது. உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு நடுக்கம் தோன்றினால் நீரை நிறுத்திவிட்டுப் போர்த்த வேண்டும்.

வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். உருகித் தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றிலும் வெட்டிவிட வேண்டும். பட்டாசுத் தொழிலாளர்களில் பெண்கள் பெருமளவில் உள்ளனர். ஆண் காவலர் அவர்களைத் தொடத் தயங்குவது இயல்பே. உடன் வந்த பெண் காவலரோ ஊர்ப் பெண்களோ சேலையையோ போர்வையையோ மறைப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். தயக்கத்தால் தண்ணீர் தாமதமாகக் கூடாது.

குரல் கம்முதல், மூக்கினுள் கரி, கருகிய மூக்குமயிர் ஆகியவை மூச்சுக்குழாய் வெந்திருப்பதன் அறிகுறிகள். இத்தகையவர் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பார். ஆனால் சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் வீங்கி அடைபடலாம். ஆம்புலன்சில் முதலிடம் பெறுவோரில் இவரும் ஒருவர். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் தரலாகாது.

வெடிப்பில் கை சிதைந்து குருதி பீறிட்டால், தண்ணீருக்கும் முன்பாகக் குருதியை நிறுத்த வேண்டும். துணி வைத்து முழு பலத்துடன் அழுத்த வேண்டும். அதற்கும் நிற்காவிடில், காயத்துக்குச் சற்று மேலே, மூட்டைத் தவிர்த்து, அகன்ற பட்டையால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். மருத்துவமனையை அடையும் வரை அதை அவிழ்க்கக் கூடாது.

மருத்துவமனைக்கு அனுப்புதல்

சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு உண்டு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. கடுமையான காயமுற்றோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவதுண்டு. எங்கு செல்வது என்பதை 108 ஊழியருடன் பேசி முடிவெடுப்பது நல்லது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் துப்பாக்கிச் சூட்டிலும் கத்திக்குத்திலும் காயமுற்றோரைக் காவலர்களே தம் வாகனத்தில் கொண்டுசெல்கின்றனர். ஆனால் மருத்துவமனைகள் அருகருகே உள்ள ஊரின் வழக்கம் அது. தீக்காயத்துக்கு அதை அப்படியே பின்பற்ற இயலாது.

சிகிச்சையே முதலில், சட்ட நடைமுறை பின்னரே என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே, வாக்குமூலத்துக்காகவோ வழக்குப் பதிவுக்காகவோ வண்டியை நிறுத்திவைக்கத் தேவையில்லை. காவலர் ஒரு துண்டுத்தாளில் வெடிப்பு நேர்ந்த நேரம், தண்ணீர் ஊற்றத் தொடங்கிய நேரம், அறையில் கையாளப்பட்ட மருந்து ஆகியவற்றை எழுதி அனுப்பினால் மருத்துவருக்கு உதவும். காயமுற்றவர் மூடிய அறைக்குள் இருந்தாரா, வெட்டவெளியில் இருந்தாரா என்பதையும் குறிக்க வேண்டும். மூடிய அறையில் வெடிப்பின் அழுத்தம் பன்மடங்காகும். அங்கிருந்தவருக்கு வெளிக்காயம் ஏதும் இல்லாவிடினும் நுரையீரல் சிதைந்திருக்கலாம்.