பனிமலைப் பயணமும் பின்சக்கர வண்டியும்

தில்லியிலும் சண்டிகரிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், மார்கழி பிறந்ததும் மலைப் பயணத்தைப் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரிலிருந்து பெரியவர்களும் வந்திருப்பார்கள். வெண்பனியை ஒருமுறையேனும் கண்ணாரக் காண வேண்டுமென்று சொந்த வண்டியிலேயே சிம்லாவுக்கும் மணாலிக்கும் புறப்பட்டு விடுகிறோம். ரோத்தாங் கணவாயின் அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டதிலிருந்து, குளிர்காலத்திலும் லாஹூல் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்க முடிகிறது. எனினும், 2024 டிசம்பரில் சோலங்கிற்கும் அச்சுரங்கத்திற்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் சிக்கியதையும், போலீசார் பயணிகளை மீட்டதையும் நாம் மறத்தலாகாது. மலையேறு முன் வண்டியின் டயர்களைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் நலம்.

நம் வண்டி எவ்வகை?

எஞ்சினின் விசை எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அந்நாளைய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரங்களால் ஓடியவை. 1983இல் வந்த மாருதி 800 முதல் பெரும்பாலான சிறு கார்கள் முன்சக்கரங்களால் ஓடுகின்றன. ஆயினும் குடும்பத்தோடு செல்வதற்கு நாம் விரும்பி வாங்கும் இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஈகோ ஆகியவையும், நான்கு சக்கர இயக்கம் இல்லாத ஸ்கார்ப்பியோவும் பின்சக்கர வண்டிகளே.

முன்னால் எஞ்சின் உள்ள வண்டியில் எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல் இருக்கும். வண்டியைத் தள்ள வேண்டிய பின்சக்கரங்களின் மேல், ஆட்களும் சாமான்களும் இல்லாதபோது, பாரம் குறைவு. ஆகையால் பனியில் அவை பிடிப்பின்றிச் சுழலும். வளைவில் சற்று அழுத்தி முடுக்கினால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமும் உள்ள பாதையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்கால டயரின் இயல்பு

சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. குளிர்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் மென்மை மாறாதிருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் பட்டன்களில் மயிரிழை போன்ற மெல்லிய வெட்டுகள் பல உண்டு. அவை விரிந்து பனியைக் கவ்வும்.

இத்தகைய டயரை அடையாளம் காண்பது எளிது. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள்ளே ஒரு பனிச்செதிலும் அதன் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். பனிப்பிடிப்புச் சோதனையில் தேறிய டயருக்கே இம்முத்திரை உண்டு. எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருப்பின், அது தயாரிப்பாளரின் கூற்றே அன்றிச் சோதனையின் சான்று அன்று. பெரிய பட்டன்களோடு முரட்டுத் தோற்றம் கொண்ட டயர்கள் சேற்றுக்கு உதவும். தோற்றத்தை மட்டும் நம்பி அவற்றைப் பனிக்கு ஏற்றவை என்று கொள்ளலாகாது.

இரண்டா, நான்கா?

பின்சக்கர வண்டிக்குப் பின்னால் இரண்டு மாற்றினால் போதுமே என்று கடைகளில் சிலர் சொல்வதுண்டு. சிக்கனம் கருதி நமக்கும் அது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஓட்டுவது மட்டுமன்றி, திருப்புவதும் நிறுத்துவதும் டயரின் வேலையே. திருப்புவன முன்சக்கரங்கள். இறக்கத்தில் பிரேக் போடும்போது எடை முன்னே சாய்வதால், நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவனவும் அவையே. பின்னால் மட்டும் மாற்றினால் வண்டி நன்றாக ஏறும். இறக்கத்து வளைவில் திரும்பாது, நேரே செல்லும். முன்னால் மட்டும் மாற்றினாலோ பின்புறம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடும். ஆகவே மாற்றினால் நான்கையும் மாற்றுக; இன்றேல் அம்முயற்சியையே கைவிடுக. ஏ.பி.எஸ். போன்ற கருவிகள் உள்ள பிடிப்பை அளந்து பயன்படுத்துமே அன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்கா.

வாங்கும்போது, வண்டிக்குக் குறித்துள்ள அளவும் பாரக் குறியீடும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றாலும், பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது.

யாருக்கு எது தேவை?

ஸ்ரீநகரிலோ லேயிலோ பணி நிமித்தம் குளிர்காலம் முழுவதும் தங்கும் நம்மவர்களுக்கு நான்கு குளிர்கால டயர்கள் அவசியம். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் 'சில்லை கலான்' என்னும் கடுங்குளிர் நிலவும்; அதற்கு முன்பே பூட்டிவிட வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை என்பதால் முன்கூட்டியே சொல்லி வைத்தல் நன்று. செலவு பெரிதுதான். ஆனால் அந்த மாதங்களில் பழைய டயர்கள் தேயாமல் ஓய்ந்திருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு நாள் மலையேறும் தில்லிக் குடும்பத்துக்கு இச்செலவு வேண்டியதில்லை. சமவெளியின் வெப்பத்தில் அம்மென்மையான டயர்கள் விரைவில் தேயும். சூடான சாலையில் வண்டியை நிறுத்தவும் அதிகத் தூரம் பிடிக்கும். பட்டன் தேயாத நல்ல டயர்களும், அவற்றின் அளவுக்கேற்ற ஒரு ஜோடி பனிச்சங்கிலியும் போதும். முன்சக்கர வண்டிக்காரர் முன்னால் பூட்டுவதைக் கண்டு நாமும் அவ்வாறே செய்தலாகாது. நம் வண்டிக்குச் சங்கிலி பின்சக்கரங்களில்தான் பூட்ட வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை பூட்டிப் பழகுக. சங்கிலியோடு மெல்லச் செல்க. பனியற்ற சாலை வந்ததும் கழற்றிவிடுக. முன்சக்கரங்களில் சங்கிலி இல்லை என்பதையும் இறக்கத்தில் நினைவிற் கொள்க.

புறப்படுகையில் இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துக. ஓடும்போது கைப் பிரேக்கைத் தொடாதீர்கள். அது பின்சக்கரங்களைப் பூட்டி வண்டியைச் சுழற்றும். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, காலையில் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலமாகக் கிடக்கும். வெயில் ஏறிய பின் கிளம்புதலே அறிவுடைமை. புதுப்பனி விழத் தொடங்கினால், வண்டியை ஊரிலேயே நிறுத்திவிட்டு, அவ்வூர் ஓட்டுநரின் நான்கு சக்கர வண்டியை வாடகைக்கு அமர்த்திச் செல்லலாம். அந்த வாடகைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். பனியைக் காணச் சென்ற அத்தனை பேரும் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நாம் கருதத் தக்கது.